ரிக்கெற் மறுவிற்பனை: முத்திரை குத்தும் மேசையில் செய்யக்கூடியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பெரிய இசை நிகழ்ச்சி ஒன்று அறிவிக்கப்பட்டு ரிக்கெற் தீர்ந்துபோனால், அதே ரிக்கெற் மறுநாளே கூடிய விலைக்குக் கைமாறுவது பழைய கதை. திரையரங்கு வாசலில் பிளக்கில் விற்ற காலத்திலிருந்து இருக்கிற வழக்கம்தான். இப்போது அதனோடு விலையைத் தானாக ஏற்றி இறக்கும் கணினிக் கருவிகளும் சேர்ந்துகொள்கின்றன. ஏன் இந்த விலை என்று கேட்டால், "நான் போடேல்ல, சிஸ்டம் போடுது" என்று விற்பவர் கையை விரித்துவிடலாம். கேட்டவரும் ஏதோ பெரிய கணக்கு நடக்கிறது என்று நினைத்து அடங்கிவிடுவார்.

ரிக்கெற் அச்சிடுதல், இணையப் பதிவு, வாசல் பரிசோதனை ஆகிய வேலைகளில் இருப்பவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: அந்த சிஸ்டம் என்பது ஒரு மனிதர் தட்டிப் போட்ட ஐந்தாறு எண்கள். அவை எவை என்று தெரிந்தால் வாங்குபவர் ஏமாற வேண்டியதில்லை. எங்கள் மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் இதைத் தடுக்க இணையத்தில் எவரையும் துரத்தித் திரிய வேண்டியதுமில்லை. ரிக்கெற் விலையில் சபை எடுக்கும் களியாட்ட வரிக்காக ரிக்கெற்றுக்கு முத்திரை குத்தும் மேசை ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது.

முதலில் கருவி செய்யும் வேலை. பெரிய கருவிகள் அமெரிக்க ரிக்கெற் தரகர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஆயிரக்கணக்கான ஆசனங்களின் விலையைச் சில நிமிடங்களுக்கொரு தடவை மாற்றுவதற்கானவை அவை. எட்டு ரிக்கெற் வைத்திருக்கும் ஒருவருக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு கூகுள் ஷீட்டும், அதற்குக் கட்டளை கொடுக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றும் அதே வேலையைச் செய்துவிடும். உள்ளே கொடுக்கப்படும் எண்கள் இவைதான்: வாங்கிய விலை, இதற்குக் கீழே போகாதே என்ற அடிவிலை, இதற்கு மேலே போகாதே என்ற உச்சவிலை, யாருடைய ரிக்கெற்றுகளோடு ஒப்பிட வேண்டும், அவர்களை விட எத்தனை ரூபா குறைக்க வேண்டும், எத்தனை நிமிடத்துக்கொரு தடவை பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இவற்றில் ஒன்றையும் இயந்திரம் தானாகக் கண்டுபிடிப்பதில்லை.

அடிவிலையிலேயே பலர் கணக்கைப் பிழைவிடுகிறார்கள். 5,000 ரூபாவுக்கு வாங்கிய ரிக்கெற்றை விற்றுத் தரும் தளம் விற்பவரிடம் 10 சதவீதம் எடுக்கிறது என்று வைப்போம். ஐயாயிரத்தோடு பத்து வீதத்தைக் கூட்டி 5,500 என்று அடிவிலை போடுவார்கள். 5,500 இல் தளம் எடுப்பது 550. கைக்கு வருவது 4,950. ஐம்பது ரூபா நட்டம். 5,000 ஐ 0.9 ஆல் பிரித்தால் வரும் 5,556 தான் உண்மையான அடிவிலை. தரகுக் கூலி இரண்டு பக்கமும் இருந்தால் இன்னும் மோசம். 2026 உலகக்கிண்ண உதைபந்தாட்டத்துக்கு ஃபிஃபாவின் சொந்த மறுவிற்பனைத் தளம் வாங்குபவரிடம் 15 வீதமும் விற்பவரிடம் 15 வீதமும் அறவிட்டது. 100 என்று பட்டியலிட்ட ரிக்கெற்றுக்கு வாங்குபவர் 115 கொடுக்கிறார், விற்பவருக்கு 85 கிடைக்கிறது. கொடுத்த பணத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நடுவில் நிற்பவருக்கு. ஆகவே மறுவிற்பனை விலை ஏன் இவ்வளவு என்று கேட்கும்போது விற்பவரின் பேராசையை மட்டும் பார்த்தால் போதாது, தளத்தின் பங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி ஒப்பீடு. ஒரே வகுப்பு ரிக்கெற்றுகளில் மிகக் குறைந்த விலையைப் பார்த்து அதைவிட 50 ரூபா குறைத்துப் போடு என்பதுதான் மிகச் சாதாரணமான விதி. விற்பவர் ஒருவரிடம் மட்டும் இந்த விதி இருந்தால் அவருக்கு லாபம். இரண்டு பேரிடம் இருந்தால் கதை வேறு. ஒருவருடையது 9,000, மற்றவர் 8,950, உடனே முதலாமவர் 8,900. இருவரும் 15 நிமிடத்துக்கொரு தடவை, ஆளுக்கு ஆள் முன்பின்னாகப் பார்க்கிறார்கள் என்றால் 15 நிமிடத்தில் 100 ரூபா இறங்கும். 9,000 இலிருந்து 5,556 வரை வர ஒன்பது மணித்தியாலம் பிடிக்காது. இரவு 9 மணிக்குத் தொடங்கிய சண்டை, விடிய 6 மணிக்குள் இருவரையும் அடிவிலையில் கொண்டுவந்து நிறுத்திவிடும். இருவரும் அப்போது நித்திரை.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இரவு பார்த்த விலையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு காலையில் மறுபடி பாருங்கள். ஐம்பது, நூறு என்று ஒரே அளவான படியில் இறங்கியிருந்தால் அது கருவி. அப்படியானால் அவசரப்பட வேண்டியதில்லை; எங்கே நிற்கிறதோ அதுதான் அவர்களுடைய அடிவிலை. அதற்குக் கீழே பேரம் பேசினால் ஆள் மசியமாட்டார், ஆனால் அந்த விலைக்கு மேலே ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை.

ஏறும்போது நடப்பது வேறு. இறங்குவதற்கு அடிவிலை என்ற தடுப்பை எல்லோரும் போடுகிறார்கள், கைக்காசு போய்விடும் என்ற பயம். உச்சவிலையைப் போடாமல் விடுகிறார்கள். கூடினால் நல்லதுதானே என்ற நினைப்பு. 2011 இல் அமேசானில், ஈ ஒன்றின் உயிரியல் பற்றிய பாடநூல் ஒன்றுக்கு இரண்டு விற்பனையாளர்கள் தானியங்கி விலை வைத்திருந்தார்கள். ஒருவருடைய விதி, மற்றவரின் விலையை 0.9983 ஆல் பெருக்குவது. மற்றவருடையது, முதலாமவரின் விலையை 1.270589 ஆல் பெருக்குவது. ஒருவர் ஒரு சொட்டு மலிவாக இருக்க விரும்பினார். மற்றவர் ஒவ்வொரு சுற்றிலும் கால்வாசிக்கு மேல் கூட்டிக்கொண்டே போனார். ஒரு சுற்றுக்கு 27 வீதம் என்றால் வட்டிக்கு வட்டி எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் மாதம் அந்தப் புத்தகத்தின் விலை 2 கோடியே 36 இலட்சத்து 98 ஆயிரத்து 655 டொலர் 93 சதத்தில் போய் நின்றது. யாரோ ஒரு மனிதர் கவனித்துக் கையால் திருத்திய பிறகுதான் இறங்கியது. இரண்டு கருவிகளும் சொன்னதைச் சரியாகச் செய்தன. போட்டவர்கள் உச்சவிலையை எழுத மறந்துவிட்டார்கள், அல்லது எழுத விரும்பவில்லை.

ரிக்கெற்றில் விலை இவ்வளவு தூரம் போகாது, நிகழ்ச்சித் திகதி வந்துவிடும். ஆனால் சிறிய அளவில் இதே பிழை அடிக்கடி நடக்கும். ஐந்து பட்டியல்கள்: 6,000, 6,200, 6,300, 6,500, கடைசியில் ஒன்று 25,000. கருவிக்குச் சராசரியைப் பின்பற்றச் சொல்லியிருந்தால் சராசரி 10,000 என்று வரும். நாலு பேர் ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு விற்கத் தயாராக இருக்கும்போது இவர் பத்தாயிரம் கேட்டுக்கொண்டிருப்பார். நடுவில் நிற்கும் எண்ணை எடுக்கச் சொல்லியிருந்தால் 6,300. விடயம் தெரிந்த தரகர்கள் நடு எண்ணைத்தான் எடுப்பார்கள். அந்த 25,000 ரூபாப் பட்டியலைப் போட்டவரிடம் ரிக்கெற் இருக்கிறதா என்பதும் சந்தேகம். மற்றவர்களின் சராசரியை இழுத்து மேலே ஏற்றவென்றே கையில் இல்லாத ரிக்கெற்றைப் போடுவது உலகம் முழுக்க உள்ள தந்திரம். நிகழ்ச்சி அறிவித்து, விற்பனை தொடங்க முன்னரே "எங்களிடம் முன்வரிசை உண்டு" என்று வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த வகை. பணத்தை வாங்கிவிட்டு, பிறகு விலை இறங்கும்போது வாங்கிக் கொடுக்கலாம் என்ற கணக்கு. விலை இறங்காவிட்டால் கடைசி நாளில் தொலைபேசி வேலை செய்யாது.

சோடிக் கணக்கும் ஒன்று உண்டு. நாலு ரிக்கெற் வைத்திருப்பவர் மூன்றைத் தனியாகக் கேட்டால் தரமாட்டார், ஏனென்றால் மிஞ்சும் ஒற்றையை விற்பது கஷ்டம். தனி ஆளாக நிகழ்ச்சிக்கு வருபவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்? கருவியிலும் "ஒற்றை மிஞ்சக்கூடாது" என்று ஒரு விதி இருக்கும். இதன் மறுபக்கம், ஏற்கெனவே மிஞ்சிப்போன ஒற்றை ரிக்கெற்தான் எல்லாவற்றிலும் மலிவு. நண்பர்கள் மூன்று பேர் பிரிந்திருக்கச் சம்மதித்தால் மூன்று ஒற்றைகளாகத் தேடுவது நல்லது.

வெளிநாட்டுக் கருவிக்கு எங்கள் மைதானம் தெரியாது. மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் கதிரை போட்டு நடத்தும் நிகழ்ச்சியில் 5,000 ரூபா வகுப்பு என்று ஒரே பெயரில் இருநூறு கதிரை இருக்கும். அவற்றில் ஒரு பகுதி மேடைக்கு நேரே. இன்னொரு பகுதி ஒலிபெருக்கிக் கோபுரத்துக்கோ கமரா மேடைக்கோ பின்னால்; அங்கிருந்து பாடகரின் முகத்தை அல்ல, இரும்புக் குழாயைத்தான் பார்க்கலாம். கருவிக்கு இரண்டும் ஒரே வகுப்பு, ஒரே ஒப்பீடு. கதிரை இலக்கம் அச்சிடாமல் "முந்தி வந்தவருக்கு முன் ஆசனம்" என்று விடும் நிகழ்ச்சிகளில் ஒப்பீடே அர்த்தமற்றது. வாங்குபவர் வகுப்பை மட்டும் கேட்காமல் வரிசையையும் இலக்கத்தையும் கேட்க வேண்டும். இலக்கம் சொல்லத் தயங்குபவரிடம் ரிக்கெற் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

நாள் கணக்கும் அதற்குத் தெரியாது. கருவியில் காலத்தோடு விலை குறைக்கும் அட்டவணை ஒன்று இருக்கும். உதாரணமாக நிகழ்ச்சிக்கு 14 நாள் முன்பு வரை அச்சிட்ட விலையின் ஒன்றரை மடங்கு, 3 நாள் முன்பிருந்து 6 மணித்தியாலத்துக்கு 5 வீதம் குறைப்பு, கடைசி நாள் அடிவிலையை நீக்கு என்று. ஆனால் கார்த்திகை, மார்கழி மழையில் திறந்த மைதானத்தில் வைத்த நிகழ்ச்சிக்குக் காலையில் வானம் இருண்டாலே விலை விழுந்துவிடும். அட்டவணை அதைப் பார்க்காது. மாமாங்கேஸ்வரர் ஆலய ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று மட்டக்களப்பில் எவரும் வேறு நிகழ்ச்சிக்குக் காசு செலவழிக்கமாட்டார்கள். நோன்பு இரவில் காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் அப்படித்தான். அரச ஊழியரின் சம்பளம் வரும் 25ஆம் திகதிக்கு முன்பும் பின்பும் கேள்வி ஒன்றல்ல. இவையெல்லாம் தெரிந்த ஒரு மனிதர் பக்கத்தில் இருந்தால்தான் கருவி உருப்படும். இல்லாவிட்டால் அடிவிலையை நீக்க மறந்த ரிக்கெற்றுகள், நிகழ்ச்சி தொடங்கிய பிறகும் 5,556 ரூபா என்று பட்டியலில் கிடக்கும். பின்னேரம் ஆறரைக்கு வாசலுக்கு வெளியே நின்று பார்த்தால் இது தெரியும்: உள்ளே கதிரை வெறுமை, வெளியே ஆட்கள், தொலைபேசியில் மட்டும் விலை இறங்கவில்லை. மறுவிற்பனையால் ஏற்பாட்டாளருக்கு வரும் உண்மையான நட்டமும் இந்த வெறுங்கதிரைதான். ரிக்கெற் விற்றுப்போன காசு அவர் கையில் இருக்கிறது, ஆனால் அடுத்த முறை அனுசரணையாளர் அரை மைதானப் படத்தைத்தான் பார்ப்பார்.

இன்னொன்றும் எந்தக் கருவியின் கணக்கிலும் வராது. 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த இசை நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு காசு கொடுத்தவர்களின் பகுதிக்குள் புகுந்தது. தடுப்பு உடைந்த நிமிடத்தில் எல்லா வகுப்பு ரிக்கெற்றுக்கும் ஒரே பெறுமதி. கூடிய விலைக்கு இரண்டாம் கையில் வாங்கியவர் அந்த இடத்தில் யாரிடம் போய்க் கேட்பது? ஏற்பாட்டாளர் தான் அச்சிட்ட விலைக்கு மட்டுமே பொறுப்பு என்பார். விற்றவர் கருவியைக் காட்டுவார்.

ஒரே ரிக்கெற்றை இரண்டு பேருக்கு விற்பது தனி மோசடி என்று நினைக்க வேண்டாம். கருவியின் சோம்பலாலும் அது நடக்கும். ஒரே ரிக்கெற்றை முகநூல், விளம்பரத் தளம், இரண்டு வட்ஸ்அப் குழு என்று நாலு இடத்தில் போட்டிருப்பார்கள். ஒன்றில் விற்றவுடன் மற்ற மூன்றிலிருந்தும் அகற்ற வேண்டும். பெரிய கருவிகள் இதைத் தாமாகச் செய்ய முயலும், வட்ஸ்அப்பில் அது நடக்காது. வாசலில் கியூஆர் குறியை முதலில் காட்டியவர் உள்ளே, இரண்டாவதாக வந்தவர் வெளியே. வாசலில் நிற்கும் பிள்ளையைத் திட்டிப் பிரயோசனமில்லை. அவருடைய திரையில் "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. வெளிநாட்டுப் பெரிய தளங்களில் 15 விநாடிக்கொரு தடவை மாறும் குறியைக் காட்டுகிறார்கள், ஸ்கிரீன்ஷொட் செல்லுபடியாகாது. சில ஆயிரம் பேர் கூடிய இடத்தில் தொலைபேசி வலையமைப்பே திணறும்போது அதை முழுதாக நம்ப முடியாது. எங்களுக்கு உகந்தது, வாசல் தொலைபேசிகளில் பட்டியலை முன்கூட்டியே இறக்கி வைத்து, இணையம் இல்லாமலும் பரிசோதிக்கும் முறை. பல வாசல்கள் இருந்தால் ஒவ்வொரு ரிக்கெற்றையும் ஒரு வாசலுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே குறி இரண்டு வாசலாலும் போய்விடும். இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: ரிக்கெற் வாங்கிய சந்தோஷத்தில் அதன் படத்தை முகநூலில் போடும்போது கியூஆர் குறியை விரலால் மறையுங்கள். அந்தப் படத்தை எடுத்து அச்சிட்டால் போதும், உங்களுக்கு முன் இன்னொருவர் உள்ளே போய்விடுவார்.

எங்கள் நாட்டிலேயே இதைவிடப் பெரிய உதாரணம் ரயில் ஆசனம். எல்ல நோக்கிச் செல்லும் ரயிலின் இணைய ஆசனங்கள் திறந்து 42 விநாடியில் தீர்ந்துவிட்டதாக 2025 ஜனவரியில் போக்குவரத்து அமைச்சின் தரப்பிலிருந்தே சொல்லப்பட்டது. விசாரணை குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திடம் போனது. அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கத்தை ஆசனச்சீட்டில் சேர்ப்பதே அதற்கு எடுக்கப்பட்ட வழி. இங்கே கவனிக்க வேண்டியது, விலைக் கருவியை எவரும் தேடிப் பிடிக்கவில்லை. சீட்டை ஆளோடு கட்டிவிட்டால் விலையை ஏற்ற ஒன்றும் மிஞ்சாது.

வெளிநாடுகளின் சட்டங்களையும் ஒரு வரி பார்க்கலாம். அமெரிக்காவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம், ஆளுக்கு இத்தனை ரிக்கெற் என்ற வரம்பைத் தானியங்கி மென்பொருளால் தாண்டி வாங்குவதைத் தடுக்கிறது. வாங்கிய பிறகு எந்த விலை போட்டாலும் அது கேட்காது. அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் மறுவிற்பனையை மூல விலைக்கு மேல் 10 வீதத்தோடு நிறுத்துகிறது. அயர்லாந்து 2021 இல், ஆயிரம் பேரோ அதற்கு மேலோ கொள்ளும் இடங்களில், அரசு பெயர் குறித்த நிகழ்ச்சிகளுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதையே தடை செய்தது. எங்கள் அபிப்பிராயத்தில் அயர்லாந்தின் வழிதான் எளிது. யார் மனிதன், யார் மென்பொருள் என்று ஆராய வேண்டாம். ரிக்கெற்றில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்தால் போதும்.

அந்த எண்ணுக்கு ஏற்கெனவே முத்திரை குத்துவது உள்ளூராட்சி சபைதான். ஆகவே கொழும்பிலிருந்து சட்டம் வரும்வரை காத்திருக்காமல், நிகழ்ச்சிக்கு அனுமதி கொடுக்கும்போதும் மைதானத்தை வாடகைக்குக் கொடுக்கும்போதும் சபை சில நிபந்தனைகளைச் சேர்க்கலாம். முத்திரைக்கு ரிக்கெற் புத்தகங்கள் வரும்போது, மொத்தம் எத்தனை, பொதுவிற்பனைக்கு எத்தனை, அனுசரணையாளருக்கும் இலவசமாகவும் எத்தனை என்ற கணக்கைத் தொடர் இலக்கங்களோடு எழுதி வாங்க வேண்டும். அந்த ஒரு தாளைச் சபையின் அறிவித்தல் பலகையிலும் முகநூல் பக்கத்திலும் போட வேண்டும். இதில்தான் விடயமே இருக்கிறது. இணையத்தில் வேகமாக வாங்கும் மென்பொருளை நாங்கள் திட்டுகிறோம், ஆனால் சிறிய ஊர்களில் மொத்தமாக ரிக்கெற் வெளியே போகக்கூடிய இலகுவான வழி பின்கதவு. அனுசரணையாளருக்கென்று ஒதுக்கிய நூறு ரிக்கெற் வட்ஸ்அப்பில் விலைக்கு வந்தால், தொடர் இலக்கத்தைப் பார்த்தவுடனே எந்தக் கையால் போனது என்று தெரிந்துவிடும். இலவச ரிக்கெற் ஒவ்வொன்றிலும் "விற்பனைக்கு அல்ல" என்று சிவப்பில் அடிக்க வேண்டும். விலையும் தொடர் இலக்கமும் அடிக்கட்டையிலும் கிழித்துக் கொடுக்கும் துண்டிலும் இரண்டிலுமே இருக்க வேண்டும். அடிக்கட்டையில் மட்டும் விலை இருந்தால் வாங்குபவருக்கு அது எட்டாது.

சபைக்கு இதில் சொந்த லாபமும் உண்டு. 3,000 ரூபா என்று முத்திரை பெற்ற ரிக்கெற்றில் நூறை ஏற்பாட்டாளர் தரப்பே பின்கதவால் 8,000 க்கு விற்றால், ஐந்து இலட்சம் ரூபா நுழைவுக் கட்டணம் சபையின் கணக்குக்கு வராமல் போகிறது. வரி 10 வீதம் என்று வைத்தால் ஒரு நிகழ்ச்சியில் 50,000 ரூபா இழப்பு.

எல்லோருடைய அடையாள அட்டையையும் வாசலில் பார்க்கச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அது ஓடாது. 1,500 பேர், மூன்று வாசல், ஒரு குறியைப் பார்க்க 6 விநாடி என்றால் 50 நிமிடத்தில் எல்லோரும் உள்ளே. அட்டையை எடுத்துக் காட்டி, பெயரை ஒப்பிட இன்னும் 10 விநாடி கூட்டினால் இரண்டே கால் மணித்தியாலம். வெளியே நெரிசல், உள்ளே நிகழ்ச்சி தொடங்கியிருக்கும். பத்துப் பேருக்கு ஒருவரை மட்டும் பார்த்தால் மேலதிகமாகப் போவது எட்டு, ஒன்பது நிமிடம்தான். யாரைப் பார்ப்பார்கள் என்று தெரியாததே விற்பவருக்குப் போதிய பயம். முழு அட்டை இலக்கத்தையும் ரிக்கெற்றில் அச்சிட வேண்டாம். கடைசி நாலு இலக்கமும் பெயரும் போதும். பழைய அட்டை என்றால் இறுதியில் எழுத்து வரும், அதை விட்டுவிட்டு எண்களில் கடைசி நாலை எடுக்க வேண்டும் என்று பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் வாசலில் பாதிப் பேருடையது பொருந்தாது.

பெயரோடு கட்டினால், உண்மையிலேயே வர முடியாமல் போனவர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் மரணம், எதுவும் நடக்கலாம். அதற்கு ஏற்பாட்டாளரே ஒரு திரும்பப் பெறும் பட்டியல் வைக்க வேண்டும். நிகழ்ச்சிக்கு 24 மணித்தியாலத்துக்கு முன் வரை ரிக்கெற்றைத் திருப்பிக் கொடுப்பதாகப் பதியலாம். காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருப்பவர் 5,000 கட்டியதும், பழைய குறியை இரத்துச் செய்து புதுக் குறி கொடுத்து, முதலில் வாங்கியவருக்கு 4,750 திருப்பலாம்; 250 வங்கிச் செலவுக்கும் வேலைக்கும். காசை முதலில் திருப்பிவிட்டுப் பிறகு வாங்குபவரைத் தேடினால் ஏற்பாட்டாளர் சறுக்குவார். ரிக்கெற் விற்ற பணம் அந்த நேரத்தில் ஒலி, ஒளி, மேடைக்கான முற்பணமாகப் போயிருக்கும். புது வாங்குபவரின் காசு வந்த பிறகே திருப்புவது என்ற ஒழுங்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் கையிருப்பு தேவையில்லை. கூகுள் படிவம் ஒன்றும் பொறுப்பான ஒரு ஆளும் போதும். பழைய குறியை இரத்துச் செய்த பிறகு வாசல் தொலைபேசிகளில் பட்டியலை மறுபடி இறக்க மறக்கக்கூடாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருட்களோடு சேவைகளையும் தொடுகிறது. வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை அது தடுக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். விலை மாறிய ஸ்கிரீன்ஷொட்டுகளைத் திகதி, நேரம் தெரியும்படி வைத்திருங்கள். பணம் கட்டிய வங்கிச் சிட்டை, விற்பவரின் தொலைபேசி இலக்கம், ரிக்கெற்றின் தொடர் இலக்கம் ஆகியவற்றையும் சேருங்கள். கையில் காசு கொடுத்து, இலக்கமும் கேட்காமல் வாங்கியவருடைய முறைப்பாட்டில் அதிகாரி எழுதிக்கொள்ள ஒன்றுமிருக்காது.

மாவட்டத்தின் சபைகளிடம் நாங்கள் கேட்பது: அடுத்த நிகழ்ச்சிக்கு முத்திரை கேட்டு வரும் முதல் ஏற்பாட்டாளரிடமே அந்த ஒதுக்கீட்டுத் தாளை எழுதி வாங்குங்கள். படிவம் தயாரிக்க உதவி வேண்டுமானால் இலவசமாகச் செய்து தரத் தயார்.

இப்படிக்கு,
நிகழ்ச்சி ரிக்கெற் பதிவு, வாசல் பரிசோதனை வேலைகளில் உள்ளோர் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.